பிடிபட்ட மீனை என்ன செய்வதென்று போட்டி விதியில் எழுதுங்கள்

மதிப்புக்குரிய நிருவாகக் குழுவினருக்கு,

கொழும்பிலும் அதன் சுற்றுப்புறங்களிலும், பொல்கொட ஏரி முதல் நீர்கொழும்புக் களப்பு வரை, தூண்டில் போட்டிகளை நடத்தும் கழகங்கள் அனைத்துக்கும் பொதுவாக இம்மடலை எழுதுகிறேன். தூண்டில் போடுவதே பாவம் என்று வாதிட நான் வரவில்லை. நானும் விடுமுறை நாட்களில் கரையில் நிற்பவன், பிடித்ததைக் கறியாக்கி உண்பவன். என் கோரிக்கை ஒன்றுதான். தூண்டிலில் ஏறிய மீனை உடனே கொல்ல வேண்டும், அல்லது உடனே நீரில் விட வேண்டும். இவ்விரண்டுக்கும் இடையில் மணிக்கணக்காக அது வாளியிலோ சாக்கிலோ கிடந்து சாகும் நிலைக்கு எந்தப் போட்டி விதியும் இடங்கொடுக்கக் கூடாது.

நிறைக்குப் பரிசு கொடுத்து, போட்டி முடியும் மணியில் ஒரே தராசில் எல்லா மீனையும் நிறுப்பது என்று வைத்துவிட்டால், அந்த நிலை தானாகவே வந்துவிடுகிறது. காலை ஏழு மணிக்குப் பிடிபட்ட மீனை விட்டால் பரிசு போகும். கொன்று வெயிலில் வைத்தால் நீர் வற்றி நிறை குறையுமோ, பழுதாகுமோ என்ற பயம். ஆகவே தண்ணீர் மாற்றாத வாளியில் அதை அரை உயிராக வைத்திருப்பதே போட்டியாளருக்கு இலாபமாகத் தெரிகிறது. அவர் கொடியவர் என்பதல்ல, விதி அவரை அவ்வாறு நடத்துகிறது என்பதே என் முறைப்பாடு.

மீனுக்கு நோவு தெரியாது என்று கரையில் அடிக்கடி சொல்லக் கேட்கிறோம். ஸ்கொட்லாந்தின் ரோஸ்லின் ஆய்வு நிலையத்தில் லின் ஸ்னெடனும் சக ஆய்வாளர்களும் 2003 இல் வெளியிட்ட ஆய்வில், வானவில் ட்ரவுட் மீனின் தலைப்பகுதியில் காயத்தை உணரும் நரம்பு முனைகள் இருப்பதைக் காட்டினார்கள். உதட்டில் தேனீ நஞ்சோ அசற்றிக் அமிலமோ செலுத்தப்பட்ட மீன்கள் அடியில் கிடந்து ஆடின, மீண்டும் இரை எடுக்க நெடுநேரம் பிடித்தது, அமிலம் ஏற்றப்பட்டவை உதட்டைக் கற்களில் உரசவும் செய்தன. மனித மூளையின் புறணி போன்றது மீனுக்கு இல்லை, ஆகவே அது நோவாகாது என்று மறுக்கும் அறிவியலாளர்களும் உண்டு. அந்த வாதம் முடியும் வரை நாம் காத்திருக்கத் தேவையில்லை என்பது என் கருத்து, ஏனெனில் உண்ணப் போகும் மீனைச் சட்டென்று கொல்வதால் நாம் இழப்பது எதுவுமில்லை.

விடப்படும் மீனைப் பொறுத்தவரை கணக்கு இன்னும் தெளிவானது. கனடாவில் பேர்குசன், டஃப்ட்ஸ் ஆகிய இருவரும் 1992 இல் வெளியிட்ட ஆய்வில், களைக்கும் வரை ஓட்டப்பட்ட ட்ரவுட் மீன்களில் 100க்கு 12 இறந்தன. களைத்த பின் 30 விநாடி காற்றில் வைக்கப்பட்டவற்றில் 38, ஒரு நிமிடம் வைக்கப்பட்டவற்றில் 72. நீருக்கு வெளியே செவுளின் மெல்லிய இதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால், மிக அதிகமாக ஒட்சிசன் தேவைப்படும் அந்த நேரத்தில் அது கிடைக்காமல் போகிறது. ஒரு படம் சரியில்லை என்று மறுபடி எடுக்கும் நேரம் இதைவிடக் குறைவாக இருப்பதை நான் கண்டதில்லை. அவை குளிர்நீர் மீன்கள், நம்முடைய கொடுவாவோ பாரையோ அதே அளவில் இறக்கும் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் நம்முடைய நீரும் ஒன்றும் கருணையானதல்ல. 10 பாகை செல்சியசில் ஒரு லீற்றர் நன்னீர் 11 மில்லிகிராமுக்கு மேல் ஒட்சிசனைத் தாங்கும். 30 பாகையில் அது ஏறத்தாழ 7.5 மில்லிகிராமாகக் குறைந்துவிடும். வாளித் தண்ணீரில் நிலை என்னவென்று சொல்லத் தேவையில்லை.

எனவே விடுவதென்றால் ஒழுங்காக விட வேண்டும். கையை நனைத்த பின்பே மீனைத் தொட வேண்டும், ஏனெனில் அதன் மேலுள்ள வழுவழுப்பே நோய்க்கிருமியைத் தடுக்கும் கவசம். முடிச்சுள்ள நைலோன் வலைக்குப் பதிலாக இறப்பர் வலை வேண்டும். தூண்டில் முள்ளின் நுனியருகே பின்னோக்கி நிற்கும் எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கிவிட்டால் கழற்றுவது ஒரு விநாடி வேலை. மீன் தூண்டில் முள்ளை விழுங்கியிருந்தால் தோண்டி எடுக்காமல் தங்கூசியை, அதாவது தூண்டில் நூலை, வாயருகே வெட்டிவிடுவதே அதற்குப் பிழைக்கும் வாய்ப்பைத் தரும். பாரமான கொடுவாவைக் கீழ்த்தாடையில் மட்டும் பிடித்துத் தூக்கும் வழக்கத்தையும் நிறுத்தச் சொல்லுங்கள். நீரால் தாங்கப்பட்டு வளர்ந்த அந்த உடலின் முழு நிறையும் தாடை மூட்டில் இறங்குகிறது. இன்னொரு கை வயிற்றின் கீழ் இருக்க வேண்டும்.

கொல்வதென்றால், கண்களுக்குச் சற்றுப் பின்னால், மூளை இருக்கும் இடத்தில், கனமான தடியால் பலமாக ஓர் அடி, பிறகு செவுளை வெட்டி இரத்தத்தை வடியவிடுதல், அதன் பின்பே ஐஸ். உயிரோடு ஐஸ் பெட்டியில் போடுவது கொல்வதாகாது. உணர்வு அடங்க நேரமெடுக்கும். விராலின் கதை இதைவிட மோசம். அது காற்றைச் சுவாசிக்கும் மீன் என்பதால், மற்ற மீன்கள் அடங்கிய பின்னும் ஈரச் சாக்கினுள் நெடுநேரம் உயிரோடு கிடக்கும். தியவன்னா ஓயாப் பக்கம் விரால் பிடிப்பவர்கள் இதை அதன் உறுதி என்று மெச்சுவதுண்டு, எனக்கு அதில் மெச்ச எதுவும் தெரியவில்லை. சட்டென்று கொன்று இரத்தம் வடித்த மீனின் தசை துடித்துச் செத்ததைவிட நன்றாக இருக்கும் என்பதை ஜப்பானியர் ஒரு கலையாகவே வளர்த்திருக்கிறார்கள், சுவைக்காகவேனும் செய்யட்டும்.

எல்லாவற்றையும் விட்டுவிடுவதே அறம் என்றும் நான் நினைக்கவில்லை. 1952 இல் இங்கு கொண்டுவரப்பட்ட திலாப்பியாவைத் திரும்ப விடச் சொல்ல எனக்கு மனமில்லை, கொன்று சமைக்கலாம். நம் உறவினர் பலர் வாழும் சுவிற்சர்லாந்திலோ, விடும் நோக்கத்தோடு மீன் பிடிப்பதே சட்டப்படி தடை. நான் அவ்வளவு தூரம் போகவில்லை. நம் நாட்டிலும் 1907 ஆம் ஆண்டின் விலங்குக் கொடுமைத் தடுப்புக் கட்டளைச் சட்டம், பிடித்து வைக்கப்பட்டுள்ள மீனையும் விலங்கு என்ற வரையறைக்குள் சேர்த்திருக்கிறது. இதை மிரட்டலாகச் சொல்லவில்லை, குழுவினர் ஒருமுறை வாசித்துப் பார்ப்பதற்காகச் சொல்கிறேன்.

புள்ளி முறையை மாற்றினால் பாதிச் சிக்கல் தீரும். அனைத்துலக விளையாட்டு மீன்பிடிச் சங்கம், நீளத்தை அளந்து உயிரோடு விட்ட மீனுக்கும் 2011 முதல் உலக சாதனை வழங்குகிறது. ஒவ்வொரு போட்டியாளருக்கும் ஓர் அளவுகோலும் அன்றைய அடையாள அட்டையும் கொடுத்து, கோலின் மேல் அந்த அட்டையோடு கிடக்கும் மீனின் ஒரே ஒரு படத்தை ஏற்றுக்கொண்டால், தராசுக்கு மீன் வர வேண்டிய தேவையே இல்லை. நிறையை வைத்தே நடத்துவீர்களாயின், மீனைப் பிடித்தவுடன் கொன்று ஐசில் வைப்பதைக் கட்டாயமாக்கி, ஒருவருக்கு எத்தனை மீன் என்ற உச்ச அளவையும் வையுங்கள். உயிரோடு தராசுக்கு வரும் மீனுக்குப் புள்ளி இல்லை என்று எழுதினாலே வாளிகள் கரையை விட்டுப் போய்விடும்.

அடுத்த போட்டிக்கான அறிவித்தலை நீங்கள் மும்மொழியிலும் வெளியிடும்போது இவ்விதிகள் அதில் இடம்பெற வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். தமிழ்ப் பிரதியைச் செம்மைப்படுத்தவும், போட்டி நாளன்று கரையில் நின்று மேற்பார்வை செய்யவும் ஆயத்தமாக இருக்கிறேன்.

இங்ஙனம்,
வெள்ளவத்தையிலிருந்து ஒரு தூண்டில்காரர்