கடைசிக் காட்சியைக் காட்டாத பெரியவருக்கு

என் கணவர் மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். தானாகச் சாப்பிடுகிறார், பிள்ளைகளோடு பேசுகிறார். விசாரித்துக்கொண்டே இருந்த எல்லோருக்கும் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்.

ரத்தம் கொடுத்தவர்கள், பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து கூட்டி வந்து தூங்க வைத்தவர்கள், ரசம் சாதத்தை வாசலில் வைத்துவிட்டு மணிகூட அடிக்காமல் போனவர்கள், இரவு நேர நர்சுகள், ஊரில் எங்களுக்காக வேண்டிக்கொண்டவர்கள்... உங்கள் எல்லோருக்கும் கடமைப்பட்டிருக்கிறோம். நேரில் வந்து சொல்வோம்.

ஆனால் ஒருவரைப் பற்றி இங்கே எழுதியே ஆகவேண்டும். என் கணவருக்குப் பக்கத்து ஐ.சி.யு. அறையில் இந்தப் பெரியவருடைய மனைவி இருந்தார். இவர் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் தெற்குப் பகுதிக்காரர், இத்தாலிய வம்சாவளி. காத்திருக்கும் அறையில் என் அருகில் நாற்காலியை இழுத்துப் போட்டு, இயர்போனில் ஒன்றை என்னிடம் நீட்டினார். சின்ன டிவிடி பிளேயரில் 1951இல் வந்த 'தி கிரேட் கரூசோ' ஓடிக்கொண்டிருந்தது. அமெரிக்கப் பாடகர் மரியோ லான்சா, பாட்டாலேயே கதை சொல்லும் ஓபரா நாடகங்களில் புகழ்பெற்ற இத்தாலியப் பாடகர் கரூசோவாக நடித்த படம். தன் தெற்கு பிலடெல்பியாவில் லான்சா பிறந்த கிறிஸ்டியன் தெருவைப் பற்றிச் சொல்லும்போது அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை!

எனக்கு ஓபரா தெரியாது. ஆனால் அந்தப் படத்தில் வரும் 'லூசியா' ஓபராவின் அறுவர் பாடலில், ஆளுக்கொரு தவிப்பை ஒரே நேரத்தில் ஆறு பேரும் பாடுவார்கள். ஒருவர் குரலும் இன்னொருவர் குரலை அமுக்குவதில்லை. அந்த அறையில் உட்கார்ந்து அதைக் கேட்டபோதுதான் முதல் தடவையாக வாய்விட்டு அழுதேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதே பாட்டை மறுபடியும் போட்டார்.

கரூசோவின் மனைவியாக வரும் ஆன் பிளைத் பாடும் வால்ட்ஸ் நடனப் பாட்டு முடிந்ததும் எப்போதும் படத்தை நிறுத்திவிடுவார். "மிச்சத்தை உன் கணவரோடு வீட்டில் பார்" என்பார். மனைவியை அழைத்துக்கொண்டு கிளம்பிய அன்று, எனக்கென்று அந்த டிவிடியை நர்சிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

போன வாரம் இரண்டு பேருமாகப் பார்த்தோம். மிச்சப் படத்தில் கரூசோ மேடையிலேயே பாடிக்கொண்டிருக்கும்போது சரிந்து விழுகிறார், இறந்துபோகிறார். லான்சாவைப் பற்றித் தேடிப் படித்தேன். அவரும் 1959இல் ரோமில் 38 வயதிலேயே போய்விட்டாராம். என் கணவருக்கும் ஏறக்குறைய அதே வயது. கிறிஸ்டியன் தெருவைப் பற்றி அவ்வளவு பேசியவர், இதில் ஒரு வார்த்தைகூட என் காதில் விழாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் மனைவியும் உள்ளேதானே படுத்திருந்தார்! தன் பயத்தையும் வைத்துக்கொண்டு, முன்பின் தெரியாத எனக்காக இதை யோசித்திருக்கிறாரே என்று நினைத்தால் இப்போதும் தொண்டை அடைக்கிறது.

ஐயா, உங்களுக்கு மருத்துவமனை வழியாகத் தனியாகக் கடிதம் அனுப்பியிருக்கிறேன். பிலடெல்பியாவில் லான்சா பெயரால் இயங்கும் அமைப்பு, இளம் பாடகர்களுக்கு உதவித்தொகை கொடுத்து வருகிறது. எங்களால் முடிகிற வரை வருடாவருடம் அதற்கு ஒரு தொகை கொடுப்பதென்று முடிவு செய்திருக்கிறோம். இந்த வருடப் பணத்தை எடுத்து வைத்தாயிற்று.