அண்ணனின் காய்ச்சலுக்குப் பெயர் கண்டுபிடித்தவர்களுக்கு நன்றி

புதுச்சேரி ஜிப்மர் நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் வேலை பார்க்கும் எல்லோருக்கும் வணக்கம். உங்கள் முகம்கூட எங்களுக்குத் தெரியாது. ஆனால் என் அண்ணன் இன்று குறிஞ்சிப்பாடிப் பக்கம் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார் என்றால் அது உங்களால்தான்.

அண்ணி கொடுத்த சிறுநீரகத்தோடு வாழ்பவர் அவர். அதை உடம்பு ஒதுக்கிவிடாமல் இருக்கத் தினமும் போடும் மாத்திரைகள் எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைக்கும். கூடவே சர்க்கரை வேறு. ஐப்பசி மழையில் நடவுக்கு இறங்கியவருக்குக் காய்ச்சல் விடவே இல்லை, ஆள் பாதியாகிவிட்டார். முதலில் பார்த்த இடத்தில் காசநோய் என்று மருந்து கொடுத்தார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. அண்ணனுக்கு உண்மையில் வந்திருந்த நோய் அச்சு அசல் காசநோய் மாதிரியே வரும் என்று பிறகு தெரிந்துகொண்டோம்.

ஸ்கேனில் மண்ணீரலில் சீழ் தெரிந்தது. ஊசியில் எடுத்த அந்தச் சீழில் வளர்ந்த கிருமியைப் பார்த்தால் சூடோமோனாஸ் என்ற வேறொரு கிருமி மாதிரிதான் இருக்குமாம். பல இடங்களில் அப்படியே எழுதி அனுப்பிவிடுவார்களாம். நீங்கள் அனுப்பவில்லை. கொலிஸ்டின் என்ற கிருமிக்கொல்லி மருந்துக்கு மசியாத கிருமி, ஆமாக்சிக்ளாவ் என்ற இன்னொரு மருந்துக்கு அடங்குகிறதே, சூடோமோனாஸ் என்றால் இப்படி இருக்காதே என்று சந்தேகப்பட்டு, வார்டுக்குப் போன் போட்டு, "நோயாளி வயலில் வேலை செய்பவரா?" என்று கேட்டிருக்கிறீர்கள். பயிற்சி மருத்துவர் ஓடி வந்து அண்ணனின் காலைத் திருப்பிப் பார்த்தார். பித்தவெடிப்புக்குள் சேறு அப்போதும் கறுப்பாக இருந்தது.

நோயின் பெயர் மெலியாய்டோசிஸ். சேற்றிலும் தேங்கிய நீரிலும் வாழும் கிருமியால் வருவது. 1912இலேயே ரங்கூனிலிருந்து விட்மோர், கிருஷ்ணசாமி என்ற மருத்துவர்கள் எழுதிவைத்த நோயாம். நெல் விளையும் நம் ஊரில் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் எத்தனை பேர்?

எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மெரோபெனம் என்ற கிருமிக்கொல்லி மருந்தை ஏற்றிய செவிலியர்களே, நடுராத்திரி டோஸைக்கூட நீங்கள் தவறவிட்டதில்லை. அப்புறம் மாதக்கணக்கில் கோட்ரைமாக்சசோல் மாத்திரை. அதனால் சிறுநீரகம் கெடாமல் ரத்தப் பரிசோதனை செய்து செய்து அளவைச் சரிபார்த்த மருத்துவர்களுக்கும் கடமைப்பட்டிருக்கிறோம்.

ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து ஊரில் சிலர் வீட்டுப் பக்கமே வரவில்லை. ஆளிடமிருந்து ஆளுக்கு இது பரவுவது அரிதிலும் அரிது. பக்கத்து வீட்டுப் பெரியம்மா மட்டும் அண்ணன் பக்கத்திலேயே இலை போட்டுச் சாப்பிட்டார். எங்கள் மாட்டையும் அவர்தான் பார்த்துக்கொண்டார். பெரியம்மா, உங்களுக்கு என்ன சொல்வது!

சர்க்கரை உள்ளவர்கள், ஸ்டீராய்டு சாப்பிடுபவர்கள், மாற்று உறுப்போடு இருப்பவர்கள் மழைக்காலத்தில் சேற்றில் இறங்கினால் பூட்ஸ் போடுங்கள், காயத்தை மூடுங்கள். காய்ச்சல் வந்தால், வயலில் இறங்கியதை மருத்துவரிடம் நீங்களாகவே சொல்லிவிடுங்கள்.

நன்றியுடன்,
தம்பியும் குடும்பத்தாரும்