பேய்த்தலை விண்மீன்

அன்புள்ள நண்பா,

நலம்தானே? உன் போனை நான் எடுப்பதில்லை என்று கோபமாமே. எடுத்து என்ன செய்ய? இடது காது சுத்தமாகப் போய்விட்டது. வலது காதில் மெஷின் வைத்தால் உன் குரல் தகரத்தில் ஆணி கீறுவது மாதிரி வருகிறது. இனிமேல் கடிதம்தான்.

காதோடு தூக்கமும் போனதால் ராத்திரி மொட்டை மாடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுகிறேன். போன திங்கட்கிழமை அல்கால் என்ற விண்மீன் மங்குவதைப் பார்த்தேன். வடக்கே பெர்சியஸ் விண்மீன் மண்டலத்தில் இருக்கிறதே, அதுதான். அரபுக்காரர்கள் வைத்த பெயர். பேயின் தலை என்று அர்த்தம். எட்டு மணிக்கு பக்கத்து ஆண்ட்ரோமீடா மண்டலத்தின் அல்மாக் விண்மீனுக்குச் சமமாகப் பளிச்சென்று இருந்தது. சாப்பிட்டுவிட்டுப் பத்தரைக்கு மேலே போனால் சோகை பிடித்த மாதிரி இருக்கிறது. பன்னிரண்டரைக்குப் பக்கத்து மங்கல் விண்மீனோடு போட்டி போடும் நிலைக்கு வந்துவிட்டது. மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம்கூட மிச்சமில்லை.

2 நாள் 20 மணி 49 நிமிடத்துக்கு ஒருமுறை இப்படி. அப்புறம் ஐந்து மணி நேரத்தில் பழையபடி ஆகிவிடும். அங்கே இரண்டு விண்மீன்கள் ஒன்றையொன்று சுற்றுகின்றன. மங்கலானது குறுக்கே வரும்போது பிரகாசமானது மறைகிறது. கிரகணம்தான், வேறில்லை.

இந்தக் கணக்கைப் பிடித்தவன் ஜான் குட்ரிக். இங்கிலாந்தின் யார்க் ஊர்க்காரன், சின்ன வயதிலேயே காது கேட்காமல் போனவன். இத்தாலியில் மோன்டனாரி என்ற வானியலாளர் நூறு வருடம் முன்பே மங்கலைக் கவனித்திருந்தார். ஆனால் முறை வைத்து மங்குகிறது என்று கண்டது இவன்தான். 1782 நவம்பர் 12 ராத்திரி முதலில் பார்த்தபோது வயது 18. ஏதோ இருண்ட பொருள் சுற்றிவந்து மறைக்கலாம் என்று மறுவருடமே எழுதினான். லண்டன் ராயல் சொசைட்டியின் காப்ளி பதக்கம் கிடைத்தது. ஜெர்மனியில் ஃபோகல் என்ற வானியலாளர் நிறமாலையை (ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துப் பார்ப்பது) வைத்து அதை உறுதி செய்தது 1889-இல்!

அவனுக்கும் ஒரு சிநேகிதர், எட்வர்ட் பிகாட், பத்துப் பதினோரு வயது மூத்தவர். இருவரும் சேர்ந்தே வானம் பார்த்தார்கள். இருட்டில் உதட்டசைவு தெரியாதே, எப்படிப் பேசிக்கொண்டிருப்பார்கள்? விளக்கைக் கிட்டே வைத்துத் தாளில் எழுதிக் காட்டியிருப்பார்களோ? அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். குட்ரிக் 21 வயதில் போய்விட்டான்.

சரி, நீயும் ஒருநாள் பார்த்து எத்தனை மணிக்கு மங்கியது என்று எழுது. அடுத்தது வியாழன் ராத்திரி ஒன்பதேகாலுக்கு வந்திருக்க வேண்டும், இங்கே மேகம். என் நோட்டில் பன்னிரண்டரை என்று இருப்பது பத்து நிமிடம் முன்பின் இருக்கலாம். எங்கள் சுவர்க்கடிகாரம் உனக்குத் தெரியுமே.

உன்
பழைய பெஞ்சுக்காரன்