மார்கழிக் கோலத்துக்குப் புள்ளிக் கணக்கை முழுதாகக் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மார்கழி பிறந்தால் நாளிதழ்களிலும் இணைப்பிதழ்களிலும் தினம் ஒரு கோலம் வருகிறது. அதைக் கத்தரித்து நோட்டில் ஒட்டிவைக்கும் பழக்கம் பல வீடுகளில் இன்னும் இருக்கிறது. முதல் நாள் இரவே பார்த்து வைத்துக்கொண்டு, விடியற்காலையில் அம்மா புள்ளி வைக்க, மகள் கம்பி (மாவுக் கோடு) இழுக்க, தாளில் இருந்தது வாசலுக்கு வருகிறது. குறை தெரிவது அப்போதுதான். அச்சாவது முடிந்த கோலத்தின் படம் மட்டுமே. அடியில் ‘7 புள்ளி, 1 வரை’ என்று ஒரு வரி இருக்கும். சில நாள் அதுவும் இருக்காது.

அந்த ஒரு வரி போதவே போதாது. நேர்ப்புள்ளியில் புள்ளிகள் ஒன்றுக்கு நேர் கீழே ஒன்றாக வரும்; ஊடுபுள்ளியில் மேல்வரிசையின் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே வரும். 7-1 நேர்ப்புள்ளி என்றால் நடுவரிசையில் 7, இருபுறமும் 5, 3, 1. வரிசை 7, மொத்தம் 25 புள்ளி. அதே 7-1 ஊடுபுள்ளி என்றால் நடுவில் 7, இருபுறமும் 6, 5, 4, 3, 2, 1. வரிசை 13, மொத்தம் 49 புள்ளி. நேரா, ஊடா என்ற ஒரு சொல் விடுபட்டால் வாசலில் வைத்த புள்ளி அத்தனையும் வீண். எத்தனை புள்ளி, எதில் முடிகிறது, நேரா ஊடா, மொத்தம் எத்தனை என்ற நான்கும் அச்சாக வேண்டும். மொத்த எண்ணிக்கை இருந்தால் கம்பி இழுக்கும் முன்பே எண்ணிச் சரிபார்த்துவிடலாம்.

ஊடுபுள்ளியில் இன்னொரு சங்கடமும் உண்டு. புள்ளிக்குப் புள்ளி 4 அங்குலம் விட்டால், வரிசைக்கு வரிசையும் 4 அங்குலம் விடுவதுதான் பலருடைய கைப்பழக்கம். அப்படி வைத்தால் தாமரையும் நட்சத்திரமும் மேலும் கீழுமாக நீண்டு போகும். வரிசை இடைவெளி மூன்றரை அங்குலமாக இருந்தால்தான் பக்கத்துப் புள்ளிகள் எல்லாத் திசையிலும் ஏறக்குறைய ஒரே தூரத்தில் அமையும். நேர்ப்புள்ளிக்கு இந்தக் கவலை இல்லை, இரண்டு இடைவெளியும் சமம்தான். படத்தின் கீழே இதைச் சொல்ல ஒரு வரிகூட ஆகாது.

கோலத்தின் அளவையும் குறிப்பிடலாம். புள்ளிகளைச் சுற்றிக் கம்பி வளைந்து பின்னிப் போகும் சிக்குக் கோலத்தில், ஓரப் புள்ளிக்கு வெளியேயும் கம்பி அரை இடைவெளி தள்ளிப் போவதால், புள்ளியின் எண்ணிக்கையை இடைவெளியால் பெருக்கினால் மொத்த அகலம் கிடைத்துவிடும். 15 புள்ளி, 4 அங்குல இடைவெளி என்றால் 60 அங்குலம், அதாவது ஐந்து அடி. அடுக்கக வீட்டுக் கதவின் முன்னால் இரண்டரை அடிதான் இருக்கும். அங்கே 7 புள்ளிக்கு மேல் இந்த இடைவெளியில் அடங்காது. புள்ளியை நெருக்கி வைத்துச் சமாளிக்கலாம் என்றால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. விரலிடுக்கில் விழும் கம்பியே கால் அங்குலம் தடிக்கும். இரண்டு அங்குலத்துக்குக் கீழே போனால் வளைவுகள் ஒன்றோடொன்று ஒட்டி, சிக்கு எது, புள்ளி எது என்று தெரியாமல் போகும்.

எல்லாவற்றையும் விட முக்கியமாகக் கேட்பது சிக்குக் கோலத்துக்கு. முடிந்த படத்தைப் பார்த்துப் போடுகிறவர்கள் பாதியில் வழி தவறுவதற்குக் காரணம், அதில் எத்தனை கம்பி, எங்கே தொடங்குவது என்பது தெரியாததுதான். செவ்வகமாக நேர்ப்புள்ளி வைத்து, அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவே ஒவ்வொரு இடத்திலும் கம்பி வெட்டிக்கொண்டு போகும் எளிய சிக்குக் கோலத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது. வரிசை எண்ணிக்கைக்கும், ஒரு வரிசையில் உள்ள புள்ளி எண்ணிக்கைக்கும் மீப்பெரு பொதுக் காரணி எதுவோ, அத்தனை கம்பி. 3 வரிசையில் நான்கு நான்கு புள்ளி என்றால் கையெடுக்காமல் ஒரே கம்பியில் முடியும். 4 வரிசையில் ஆறாறு என்றால் இரண்டு கம்பி. 4க்கு 4 என்றால் நான்கு. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குக் கணக்குப் பாடம் வாசலிலேயே கிடைக்கிறது.

நான்கு கம்பியை ஒன்றாக்குவதும் கடினமில்லை. இரண்டு வேறு கம்பிகள் வெட்டும் ஓரிடத்தில், வெட்டாமல் இரண்டையும் திருப்பிவிட்டால் அவை ஒரே கம்பியாகிவிடும். இப்படி மூன்று இடத்தில் மாற்றினால் நான்கும் ஒன்று. எந்த மூன்று என்பதில்தான் கோலத்தின் அழகே இருக்கிறது. ஒரே கம்பி தன்னைத்தானே வெட்டும் இடத்தில் தெரியாமல் திருப்பினால், அது இரண்டாகப் பிரிந்துவிடவும் கூடும். எனவே படத்தில் அந்தத் திருப்பங்களை மட்டும் சின்ன வட்டமிட்டுக் காட்டுங்கள், தொடங்கும் இடத்தில் ஓர் அம்புக்குறி போடுங்கள். மற்றதைக் கை பார்த்துக்கொள்ளும். தாம்பரம் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோர் கமலா கிருத்திவாசனுடன் சேர்ந்து, கோலத்தின் அமைப்பைக் கணினி இலக்கணமாக ஆராய்ந்து 1974ஆம் ஆண்டிலேயே கட்டுரை வெளியிட்டார்கள். ஆய்வாளர்கள் அத்தனை மதித்த கலையை நாம் வெறும் படமாக அச்சிட்டு விடுவது நியாயமில்லை.

வண்ணப்பொடி அடைத்த கோலங்களை வெளியிடும்போது அடியில் இருக்கும் புள்ளியும் கம்பியும் மறைந்துபோகின்றன. பக்கத்திலேயே கோட்டுப்படம் ஒன்று, தீப்பெட்டி அளவில் இருந்தால்கூடப் போதும்.

மாவைப் பற்றியும் வாரம் ஒரு குறிப்பு சேர்க்கலாம், ஏனென்றால் புதிதாகப் பழகுகிறவர்கள் தங்கள் விரலைக் குறை சொல்கிறார்கள், தவறு பெரும்பாலும் மாவில் இருக்கிறது. மிக நைசான மாவு கைச்சூட்டில் ஈரம் இழுத்து விரலிலேயே அப்பிக்கொள்ளும், திட்டுத்திட்டாக விழும். கொஞ்சம் கொரகொரப்பாக, சன்ன மணல் போல் இருந்தால்தான் சீராக இறங்கும். கல்மாவு நாலு பங்குக்கு உலர்ந்த பச்சரிசி மாவு ஒரு பங்கு கலந்தால் கம்பி பிடிப்பாக நிற்கும், எறும்புக்கும் இரை. தரை ஈரப்பதமாக இருக்க வேண்டும், தண்ணீர் தேங்கக் கூடாது. தேங்கினால் மாவு கருத்துக் கரையும், காய்ந்துவிட்டால் காற்றில் பறக்கும். மாவு தீரும்போது வளைவில் நிறுத்தாமல், கம்பிகள் வெட்டும் இடத்தில் நிறுத்தினால் ஒட்டுத் தெரியாது.

வழவழப்பான டைல்ஸ் தரையில் பொடி நிற்காது. அங்கே மாக்கோலம்தான். ஒரு டம்ளர் பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, மையாக அரைத்து, வடிகட்டி, பால் பதத்துக்குக் கரைக்க வேண்டும். வடிகட்டாவிட்டால், மாவில் தோய்த்துக் கோலம் போடும் துணியில் திப்பி அடைத்துக் கம்பி அறுந்து அறுந்து விழும். போடும்போது ஏறக்குறைய கண்ணுக்கே தெரியாது, காயக் காயத்தான் வெளுக்கும். தெரியவில்லையே என்று கெட்டியாகக் கரைத்தால் காய்ந்ததும் வெடித்துப் பெயர்ந்துவிடும்.

வரும் மார்கழி முதல் நாள் கோலத்திலிருந்தே புள்ளிக் கணக்கு, கம்பி எண்ணிக்கை, தொடங்கும் இடம் ஆகிய மூன்றையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். வாசகர்கள் அனுப்பும் கோலங்களுக்கும் இவற்றைக் கட்டாயமாக்கினால், தயாரிக்கும் வேலை உங்கள் அலுவலகத்தின் தலையில் விழாது.

இப்படிக்கு,
கோலம் கற்றுக்கொடுக்கும் ஒரு வாசகி