மூன்று நாள் வெள்ளத்தில் நின்ற காரைத் 'தண்ணீர் படவில்லை' என்று எழுதிக் கொடுத்து விற்றது குறித்த புகார்

அனுப்புநர்:
வேகன் ஆர் வண்டி வாங்கிய வாடிக்கையாளர்,
ஜெராக்ஸ் மற்றும் தட்டச்சுக் கடை,
மஞ்சக்குப்பம், கடலூர்.

பெறுநர்:
உரிமையாளர் அவர்கள்,
பழைய கார் விற்பனை நிலையம்,
100 அடி சாலை, புதுச்சேரி.

நாள்: 18.08.2025

பொருள்: 25.05.2025 அன்று உங்களிடம் வாங்கிய 2014 மாடல் மாருதி வேகன் ஆர் (பி.ஒய். 01 பதிவு) வெள்ளத்தில் நின்ற வண்டி என்பதை மறைத்து விற்றது – பணத்தைத் திருப்பித் தரக் கோருவது – தொடர்பாக.

பார்வை: உங்கள் டெலிவரி நோட், ரசீது, செக்கப் கார்டு மற்றும் உங்கள் விற்பனையாளர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள்.

ஐயா,

வணக்கம். பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, வாரிசுச் சான்று என்று ஊரார் மனுக்களைப் பதினாறு வருடமாகத் தட்டச்சு செய்து கொடுக்கிறவன் நான். எனக்கென்று ஒரு மனு அடிப்பது இதுதான் முதல் தடவை. அதனால் கொஞ்சம் நீளமாகப் போனாலும் முழுக்கப் படித்துவிடுங்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பழைய வண்டி ரிப்பேர் ஆகிவிட்டது என்று அழ நான் இதை எழுதவில்லை. பதினோரு வருட வண்டி வாங்குகிறவனுக்கு அது தெரியும். டயர், பேட்டரி, கிளட்ச் பிளேட் செலவு வரும் என்றுதான் தனியாகப் பதினைந்தாயிரம் எடுத்து வைத்திருந்தேன். என் புகார் வேறு. தண்ணீரில் நின்ற வண்டியா என்று வாய்விட்டுக் கேட்டேன். இல்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தீர்கள். அது பொய்.

கையில் இருந்தது மொத்தம் இரண்டேகால் லட்சம். அதில் ஒன்றரை லட்சம் சீட்டு எடுத்தது, மீதி என் மனைவியின் சங்கிலியை அடகு வைத்தது. அப்பாவுக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டது. மாதம் இரண்டு முறை புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும். ஸ்கூட்டரில் ஏறி உட்கார அவரால் முடியாது, பஸ் படியும் ஏற முடியாது. கடன் போட்டுப் புது வண்டி எடுக்க என் வருமானத்துக்கு வழியில்லை. ஒரு மாதம் அலைந்து எட்டு வண்டி பார்த்தேன். பண்ருட்டியில் ஒரு ஆல்டோ, சீட் ரொம்பத் தாழ்வு, அப்பா உட்கார்ந்தால் எழுப்ப ஆள் வேண்டும். நெல்லிக்குப்பத்தில் ஒரு சான்ட்ரோ நன்றாகவே இருந்தது, ஆனால் நாலாவது ஓனர், பேங்க் கடனும் பதிவுச் சான்றில் (ஆர்.சி.யில்) அப்படியே நின்றது. வேகன் ஆர் என்றால் கூரை உயரம், குனியாமல் ஏறலாம், எந்த மூலையிலும் பார்ட்ஸ் கிடைக்கும். உங்களிடம் வந்தது அப்படித்தான்.

புதுச்சேரி வண்டி தமிழ்நாட்டு வண்டியை விட விலை குறைவு என்பது கடலூர்க்காரர்களுக்குத் தெரியாததல்ல. அங்கே சாலை வரி குறைவு. ஆனால் இங்கே நிரந்தரமாக ஓட்ட வேண்டுமென்றால் அங்கிருந்து படிவம் 28-இல் ஆட்சேபணை இல்லை என்ற சான்று (என்.ஓ.சி.) வாங்கி, பன்னிரண்டு மாதத்துக்குள் இங்கே மறுபதிவு செய்து, தமிழ்நாட்டு வரியும் கட்ட வேண்டும். அதையெல்லாம் கணக்குப் போட்டுத்தான் 2,10,000 ரூபாய்க்குச் சம்மதித்தேன். என்.ஓ.சி., பெயர் மாற்றம் எல்லாவற்றையும் பதினைந்து நாளில் முடித்துத் தருவதாகச் சொல்லி 3,500 ரூபாய் தனியாக வாங்கினீர்கள்.

அன்று நான் கேட்ட கேள்விக்கு வருகிறேன். ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30-ஆம் தேதி இரவு புதுச்சேரி பக்கம் கரையேறியது. ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அடுத்த இரண்டு நாளில் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்து எங்கள் பக்கம் வீடுகளுக்குள் புகுந்தது. எத்தனை வண்டி முங்கியிருக்கும் என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். முங்கிய வண்டிகள் எல்லாம் எங்கே போகும்? கழுவிக் காயவைத்து இப்படி ஏதாவது ஒரு கடை வாசலில்தான் நிற்கும். அதனால்தான் உங்கள் விற்பனையாளர் தம்பியிடம், "தம்பி, புயல்ல தண்ணில நின்ன வண்டி இல்லையே?" என்று கேட்டேன்.

அவர் தடுமாறக்கூட இல்லை. போனை எடுத்து வண்டியின் இன்சூரன்ஸ் விவரத்தைக் காட்டினார். "பாருங்க சார், ஒரு கிளைம்கூட இல்ல. தண்ணில நின்ன வண்டின்னா கிளைம் பண்ணாம விட்டிருப்பாங்களா?" என்றார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. இருந்தாலும் எழுதிக் கொடுங்கள் என்றேன். டெலிவரி நோட்டில் 'விபத்து இல்லை, தண்ணீர் படவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு உங்கள் கடை சீலும் வைத்தார். கூடவே '120 பாயிண்ட் செக்கப்' என்று ஒரு வழுவழுப்பான கார்டு.

அந்தக் கார்டைப் பற்றி இரண்டு வார்த்தை. நூற்றிருபது கட்டத்திலும் ஒரே பேனாவில், ஒரே சாய்வில் டிக். அன்று அதை நான் படிக்கவில்லை, என் தப்புதான். போன வாரம் கடையில் கூட்டமில்லாத நேரத்தில் உட்கார்ந்து படித்தேன். 87-ஆவது வரி: 'சன் ரூஃப் இயக்கம் – நன்று'. ஐயா, என் வண்டியில் சன் ரூஃப் கிடையாது. இல்லாத கதவைத் திறந்து மூடிப் பார்த்தவர், இருக்கிற தரைவிரிப்பைத் தூக்கிப் பார்த்திருக்க மாட்டார் என்று புரிந்தது.

முதல் ஒரு மாதம் வண்டி ஒழுங்காகவே ஓடியது. டேஷ்போர்டில் நீங்கள் வைத்திருந்த மல்லிகை வாசனை டப்பா தீர்ந்ததும் வேறு ஒரு வாடை வர ஆரம்பித்தது. காயாத துணியை மூட்டை கட்டி வைத்தால் வருமே, அது. ஏ.சி. போட்டால் அதிகம். ஜூலையில் ஒரு சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது, பெரியகங்கணாங்குப்பம் தாண்டிப் பாலத்தில் ஏறுகிற இடத்தில், மீட்டரில் ஸ்டீயரிங் விளக்கு எரிந்தது. அடுத்த நொடி ஸ்டீயரிங் கல்லாகிவிட்டது. பின்னால் பஸ், பக்கத்தில் லாரி, பின் சீட்டில் அப்பா. இரண்டு கையாலும் மல்லுக்கட்டி ஆல்பேட்டையில் ஓரம் கட்டினேன். அன்றிலிருந்து அப்பா அந்த வண்டியில் ஏற மறுக்கிறார். அவரைக் குறை சொல்ல முடியவில்லை.

உங்கள் கடைக்குப் போன் செய்தேன். என்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் மட்டும்தான் ஆறு மாத வாரண்டி, எலக்ட்ரிகல் சேராது என்று பதில். சரி என்று புதுப்பாளையத்தில் எனக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் காட்டினேன். அவர் பானெட்டைத் திறக்கவே இல்லை. டிரைவர் பக்கம் உட்கார்ந்து சீட் பெல்ட்டைப் பிடித்து இழுத்தார். நாம் தினமும் இழுத்து மாட்டுகிற நீளம் வரை பெல்ட் கறுப்பாக, துவைத்ததுபோலச் சுத்தமாக இருந்தது. அவர் விடாமல் கடைசிவரை இழுத்தார். உள்ளே சுருண்டிருந்த ஒரு முழம் வெளியே வந்தது. முழுக்கப் பழுப்பு. விரலை வைத்துத் தேய்த்தால் மாவுபோல் மண் ஒட்டியது. "அண்ணா, இது குளிச்ச வண்டி" என்றார்.

அப்புறம் சீட்டைக் கழற்றித் தரைவிரிப்பைத் தூக்கினோம். அடியில் இருக்கிற பஞ்சு இன்னும் ஈரம். சீட் ஓடுகிற தண்டவாளத்தில் செதில் செதிலாகத் துரு. ஃபியூஸ் பெட்டியில் காப்பர் முனைகளில் பச்சை பூத்திருந்தது. வயர் முடிச்சுகளுக்குள் தண்ணீர் போனால் உடனே எதுவும் ஆகாதாம். ஆறு மாதம், எட்டு மாதம் கழித்துத்தான் உள்ளுக்குள் அரித்து ஒவ்வொன்றாக உயிரை விடுமாம். ஸ்டீயரிங் மோட்டார் டேஷ்போர்டுக்கு அடியில் இருப்பதால் அது முந்திக்கொண்டது. கடைசியாக ஸ்டெப்னி டயரைத் தூக்கினோம். அந்தக் குழியில் காய்ந்து வெடித்த வண்டல். அதன் நடுவில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு நத்தை ஓடு. அது 120 பாயிண்டில் எத்தனையாவது என்று தெரியவில்லை.

இதுவரை சொன்னதை மெக்கானிக்கின் ஊகம் என்று நீங்கள் தள்ளிவிடலாம். அதனால் ஆர்.சி.யில் இருந்த விலாசத்தைப் பிடித்து ரெயின்போ நகருக்கே போனேன். மழை பெய்தால் அந்த நகர் என்ன ஆகும் என்று புதுச்சேரிக்காரரான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வண்டியின் முந்தைய ஓனர் ஓய்வு பெற்ற பெரியவர். உட்கார வைத்துக் காபி கொடுத்தார். வண்டி மூன்று நாள் தண்ணீரில் நின்றதை அவர் மறைக்கவே இல்லை. "சொல்லித்தான் தம்பி கொடுத்தேன். எழுபதாயிரத்துக்கு எடுத்தாங்க. பார்ட்ஸுக்குப் பிரிச்சிடுவோம்னு சொன்னாங்களே!" என்றார். கிளைம் ஏன் செய்யவில்லை என்று கேட்டேன். பழைய வண்டிக்கு எதற்கு என்று தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் மட்டும் போட்டிருந்தாராம். அதில் வெள்ளச் சேதத்துக்கு ஒரு பைசா வராது. ஆக, உங்கள் தம்பி காட்டிய சுத்தமான கிளைம் பட்டியலுக்கு அர்த்தம் வண்டி முங்கவில்லை என்பதல்ல, முங்கியதற்குக் கேட்க இன்சூரன்ஸ் இல்லை என்பது. அது தெரிந்தே காட்டினாரா, தெரியாமல் காட்டினாரா என்பதை நீங்கள்தான் அவரிடம் கேட்க வேண்டும். கடைக்குத் தெரியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். எழுபதாயிரத்துக்கு வாங்கியது உங்கள் கடை.

இன்னொன்றும் உண்டு. மூன்று மாதம் ஆகப்போகிறது, ஆர்.சி. இன்னும் அந்தப் பெரியவர் பெயரிலேயே இருக்கிறது. 'நாளைக்கு', 'ஆபீஸ்ல சர்வர் டவுன்', 'ஏஜென்ட் ஊருக்குப் போயிருக்கார்' என்று உங்கள் வாட்ஸ்அப் பதில்கள் பத்தொன்பது இருக்கின்றன. விபத்து நடந்தால் ஆர்.சி.யில் பெயர் இருப்பவரே உரிமையாளர், இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அன்று பாலத்தில் ஏதாவது ஆகியிருந்தால், வண்டியை விற்றுவிட்டதாக நினைத்து வீட்டில் உட்கார்ந்திருக்கிற மனிதருக்குச் சம்மன் போயிருக்கும். பழைய வண்டி வியாபாரிகள் பதிவு அலுவலகத்தில் அங்கீகாரம் வாங்க வேண்டும், வண்டியைக் கையில் வாங்கியதும் படிவம் 29சி-யில் தெரிவிக்க வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் இருக்கிறது. உங்கள் கடையில் அந்த அங்கீகாரச் சான்றை மாட்டியிருந்ததாக எனக்கு நினைவில்லை. இருந்தால் அதன் நகலையும், இந்த வண்டிக்குக் கொடுத்த 29சி நகலையும் அனுப்பி வையுங்கள்.

போன 9-ஆம் தேதி நேரில் வந்தபோது உங்கள் மேனேஜர் டெலிவரி நோட்டின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். பொடி எழுத்தில், ஆங்கிலத்தில், 'உள்ளது உள்ளபடி விற்கப்பட்டது' என்று அர்த்தம் வருகிற ஒரு வரி. உள்ளது உள்ளபடி விற்றிருந்தால் எனக்குப் பேச்சே இல்லை. முங்கிய வண்டி, தொண்ணூறாயிரம் என்று சொல்லியிருந்தால் வாங்குவதா வேண்டாமா என்று நான் முடிவு செய்திருப்பேன். முன்பக்கத்தில் பேனாவால் தமிழில் எழுதிய பொய்யைப் பின்பக்கத்து அச்செழுத்து காப்பாற்றாது. "ரெண்டு லட்சத்துக்கு இதுக்கு மேல என்ன சார் எதிர்பார்க்குறீங்க?" என்றும் அவர் கேட்டார். இரண்டு லட்சம் உங்களுக்குச் சின்னத் தொகையாக இருக்கலாம். எங்கள் வீட்டில் அது நாலு வருடச் சீட்டும் ஒரு சங்கிலியும்.

ஆகவே வண்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு, விலை 2,10,000 ரூபாய், பெயர் மாற்றத்துக்கு வாங்கிய 3,500 ரூபாய், டோயிங்குக்கும் மெக்கானிக்குக்கும் நான் கொடுத்த 4,300 ரூபாய், ஆக மொத்தம் 2,17,800 ரூபாயை இந்தக் கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் என் வங்கிக் கணக்கில் செலுத்தும்படி கேட்டுக்கொள்கிறேன். ரிப்பேர் செய்து தருகிறோம் என்று மேனேஜர் சொன்னதை நான் ஏற்கவில்லை. மெக்கானிக் 46 ஆயிரம் ஆகும் என்கிறார். அதைச் செய்தாலும் அடுத்து எந்த வயர் போகும் என்று அவரால் சொல்ல முடியவில்லை. வேறு வண்டி மாற்றித் தருவதும் வேண்டாம். அதற்கும் ஒரு செக்கப் கார்டு கொடுப்பீர்கள்.

பதினைந்து நாளில் பதில் வராவிட்டால் கடலூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு தாக்கல் செய்வேன். உங்கள் கடை புதுச்சேரியில் இருந்தாலும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் வரை கட்டணமும் கிடையாது. இரண்டு வருட அவகாசமும் இருக்கிறது. அப்படிப்பட்ட மனுக்கள் நிறைய என் கடையில்தான் தட்டச்சாகின்றன. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் ஏற்கெனவே புகார் பதிவு செய்துவிட்டேன்.

வண்டி இப்போது எங்கள் வீட்டு வேப்ப மரத்தடியில் தார்ப்பாய் மூடி நிற்கிறது. பேட்டரி ஒயரைக் கழற்றி வைத்திருக்கிறேன், ஓட்டிப் போக முடியாது, டோயிங் வண்டியோடுதான் ஆள் அனுப்ப வேண்டும். பணம் வந்த பிறகு அனுப்புங்கள். ஸ்டெப்னிக் குழியை நாங்கள் கழுவவில்லை, நத்தை ஓடும் அங்கேயே இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.

இணைப்பு: டெலிவரி நோட் (இரு பக்கமும்), ரசீது, செக்கப் கார்டு, வாட்ஸ்அப் செய்திகளின் நகல், சீட் பெல்ட் மற்றும் ஸ்டெப்னிக் குழியின் படங்கள் 11, மெக்கானிக்கின் மதிப்பீடு, வண்டியின் முந்தைய உரிமையாளர் கையெழுத்திட்டுக் கொடுத்த கடிதம்.