ஒரே பில்லுக்கு இரண்டு பதில்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருச்சி தில்லைநகரில் காது மிஷின் விற்கும் நிலையம் ஒன்றில் பில் போடுவது என் வேலை. மருத்துவக் காப்பீடு பற்றி உங்கள் நாளிதழில் நிறைய எழுதுகிறீர்கள். காதைப் பற்றி மட்டும் யாரும் எழுதக் காணோம்.

சென்ற மாதம் இரண்டு பெரியவர்களுக்கு ஒரே மாடல் கருவிக்கு, ஜோடி 52,000 ரூபாய் என்று பில் போட்டேன். ஒருவர் தபால் துறையில் ஓய்வு பெற்றவர். மற்றவர் துவாக்குடிப் பக்கம் சிறிய பட்டறையில் காலமெல்லாம் கிரைண்டிங் வேலை பார்த்தவர். இருவரின் ஆடியோகிராமிலும் (செவித்திறன் சோதனை அறிக்கை) கேட்கும் திறன் இழப்பு 55 டெசிபலை ஒட்டியே இருந்தது. தபால் துறைக்காரரிடம் மத்திய அரசு ஊழியர்களுக்கான மருத்துவத் திட்டமான சி.ஜி.எச்.எஸ். அட்டை இருக்கிறது. காது மூக்கு தொண்டை மருத்துவரின் பரிந்துரை, ஆடியோகிராம், எங்கள் பில் ஆகியவற்றைக் கொடுத்தால் உச்சவரம்பு வரையாவது பணம் திரும்பிவிடும். பட்டறைக்காரருக்கு இருந்தது மகனின் கம்பெனி எடுத்த குழுக் காப்பீடு. மருத்துவமனையில் அனுமதிக்கப்படவில்லை, வெளியே அணியும் கருவிக்குத் தொகை கிடையாது என்று இரண்டே வரியில் பதில் வந்தது. இரைச்சலால் வரும் செவிக்குறைவு இ.எஸ்.ஐ.யின் தொழில்நோய்ப் பட்டியலிலேயே இருக்கிறது. ஆனால் அந்தப் பட்டறையில் யாருக்கும் இ.எஸ்.ஐ. பிடித்ததே இல்லையாம்.

"ஒரு நாள் அட்மிட் ஆனதாக பில்லை மாற்றித் தர முடியுமா, மேடம்?" என்று கேட்டார் மகன். முடியாது என்று சொன்னேன். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. 24 மணி நேரம் கட்டிலில் படுத்தால்தான் பணம் என்று விதி வைத்தால், ஜனங்கள் கட்டிலைத் தேடிக்கொண்டுதான் வருவார்கள்.

அந்த விதியும் எல்லோருக்கும் இல்லை. கண்புரைக்குக் காலையில் போய் மாலையில் வீடு திரும்புகிறவருக்குக் காப்பீடு உண்டு, உள்ளே வைக்கும் லென்சுக்கும் சேர்த்தே. 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் கருவியை அறுவை செய்து காதுக்குள் பொருத்துகிறார்கள். அதை எத்தனை பாராட்டினாலும் தகும். ஆக, கத்தி வைத்து உள்ளே பொருத்தினால் சிகிச்சை, காதில் மாட்டிக்கொண்டால் கைக்கடிகாரம் மாதிரி சொந்தச் செலவு!

கருவி பெற மாற்றுத்திறனாளி சான்றிதழ் வாங்கலாமே என்பார்கள். 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டு காதிலும் 60 டெசிபல் இழப்பு இருக்க வேண்டும். 55 டெசிபலில், சமையலறையிலிருந்து மருமகள் கூப்பிட்டால் கேட்காது. டாக்டர் மாத்திரை பற்றிச் சொல்வது பாதிதான் விளங்கும். சான்றிதழும் கிடைக்காது. மத்திய அரசின் வயோஸ்ரீ திட்டத்தில் 60 வயது கடந்தவர்களுக்குக் கருவியை இலவசமாகத் தருகிறார்கள். அதற்கு வறுமைக் கோட்டுக்குக் கீழே இருக்க வேண்டும், அல்லது மாத வருமானம் 15,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. முகாம் நம் ஊருக்கு வரவும் வேண்டும்.

எங்கள் தொழிலையும் சொல்ல வேண்டும். பல நிலையங்களில் பில் ஒரே வரிதான்: 'டிஜிட்டல் கருவி, ஒரு ஜோடி'. பரிசோதனை, காது அச்சு, கருவியை அவரவர் காதுக்கு ஏற்ப அமைத்துக் கொடுப்பது, பிறகு வந்து சரிபார்த்துக்கொள்வது எல்லாம் அந்த ஒரு தொகைக்குள் அடங்கிவிடும். பரிசோதனைக்காவது பணம் தரலாம் என்று காப்பீட்டு நிறுவனம் நினைத்தாலும் எந்தத் தொகையைப் பார்த்துத் தரும்? மகன் வீட்டோடு சென்னைக்குக் குடிபோகும் பெரியவர், சர்வீசுக்கு என்று இங்கே எவ்வளவு கொடுத்தோம் என்பதே தெரியாமல் அங்கே மறுபடியும் கொடுக்கிறார். இடையில், பில் வேண்டாம், ஜி.எஸ்.டி.யைக் கழித்துவிடுங்கள் என்று பேரம் பேசுகிறவர்களும் உண்டு. காது கேட்கும் கருவிக்கு ஜி.எஸ்.டி.யே கிடையாது. எதைக் கழிப்பது?

மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தியது. காதுக்கும் அப்படி ஓர் உத்தரவைக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் போடலாம். மருத்துவரின் பரிந்துரை இருந்தால், 5 ஆண்டுக்கு ஒருமுறை, ஓர் உச்சவரம்புக்குள் கொடுத்தால் போதும். தபால் துறைக்காரருக்கு நடைமுறையில் இருப்பதைத்தான் பட்டறைக்காரருக்கும் கேட்கிறேன்.

பில்லைத் தனித்தனி வரியாகப் பிரித்துப் போடலாம் என்று எங்கள் முதலாளியிடம் சொல்லியிருக்கிறேன். பக்கத்துக் கடைக்காரர்கள் முதலில் போடட்டும் என்கிறார்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
தில்லைநகர், திருச்சி.