ரைட் கிளிக் ஒரு ஊர் மேல, டெலிட் ஆனது வேற ஊரு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் தோல் யாவாரம், லுங்கி மண்டி, மருந்து மொத்தக் கடைன்னு எங்க போனாலும் பில் போடவும் ஸ்டாக் பாக்கவும் உள்ளூர் பசங்க கிட்ட சொல்லி எழுதி வாங்கின ஒரு ஸாஃப்ட்வேர் ஓடிக்கினு இருக்கு. அதுல இடது பக்கம் ஒரு ட்ரீ இருக்கும், மாவட்டம், அதுக்குள்ள தாலுகா, அதுக்குள்ள பார்ட்டி பேருங்க, பிளஸ் குறிய அழுத்தினா விரியும். 2019-ல நம்ம மாவட்டத்த மூணா பிரிச்சாங்க இல்ல, குடியாத்தம் பேரணாம்பட்டு வேலூர்லயே நின்னுச்சி, ஆற்காடு வாலாஜா ராணிப்பேட்டைக்குப் போச்சி, ஆம்பூர் வாணியம்பாடி திருப்பத்தூருக்குப் போச்சி, அதனால எல்லாரும் அந்த ட்ரீய பிரிச்சி மறுபடி அடுக்க வேண்டியதாப் போச்சு.

அப்போ எனக்குத் தெரிஞ்ச ஒரு மொத்த வியாபாரி கடையில நடந்தது இது. ஆம்பூர் கணக்கு திறந்திருக்கு, அதாவது ட்ரீல ஆம்பூர்தான் செலக்ட் ஆயிருக்கு. கணக்கு பாக்கற பொண்ணு காலியா கெடந்த பழைய ஆற்காடு மேல ரைட் கிளிக் பண்ணி டெலிட் குடுத்திச்சு. ஆற்காடு அப்படியே இருக்கு, ஆம்பூர் பார்ட்டிங்க மொத்தமும் காணோம். பேக்கப் இருந்ததால பொழச்சாங்க, ஆனா திட்டு வாங்கினது அந்தப் பொண்ணு. அது மேல ஒரு தப்பும் இல்லைங்க, தப்பு ஸாஃப்ட்வேர் எழுதினவர் மேல.

விண்டோஸ் ட்ரீல லெஃப்ட் கிளிக் பண்ணாதான் செலக்ஷன் மாறும், ரைட் கிளிக் பண்ணா மாறாது. பட்டன அழுத்தும்போது அந்தப் பேரு மேல கலர் வந்துட்டு விட்டதும் பழைய எடத்துக்கே போயிடும், அதப் பாத்துட்டு நாம செலக்ட் ஆயிடுச்சுன்னு நெனச்சுக்கறோம். இவரு மெனு கோடுல "எது செலக்ட் ஆயிருக்கோ அத டெலிட் பண்ணு"ன்னு எழுதி வச்சிருப்பாரு, அவ்ளோதான். மவுஸ் நிக்கிற எடத்துல எந்த நோட், அதாவது ட்ரீல எந்தப் பேரு, இருக்குன்னு கேட்டு வாங்கணும். இந்த மாதிரி ஸ்க்ரீன் எழுதற டூல்கள்லயே அதுக்கு வழி இருக்கு, விண்டோஸ் ஃபார்ம்ஸ்ல நோட் மவுஸ் கிளிக் ஈவென்ட்டே அந்த நோடக் கையில குடுக்குது, பைத்தான் டிகிண்டர்ல அதே வேலைக்கு ஐடென்டிஃபை ரோ இருக்கு. ஜாவா ஸ்விங்னு இன்னொரு டூல், அதுல இன்னொரு வம்பு, மெனு காட்டற சிக்னல் விண்டோஸ்ல பட்டன விடும்போது வரும், லினக்ஸ்லயும் மேக்லயும் அழுத்தும்போதே வந்துடும், ரெண்டு எடத்துலயும் செக் பண்ணலைன்னா ஒரு மிஷின்ல மெனுவே வராது. இவ்ளோ சின்ன விஷயத்த காலேஜ் ப்ராஜெக்ட் வைவாவுல யாராச்சும் கேக்கறாங்களான்னு தெரியல, கேட்டா நல்லா இருக்கும்.

கடைக்காரங்களுக்கு நான் சொல்றது, பாக்கிப் பணம் குடுக்கறதுக்கு முன்னாடி டூப்ளிகேட் டேட்டாவுல ஒரு ஊர லெஃப்ட் கிளிக் பண்ணுங்க, வேற ஊரு மேல ரைட் கிளிக் பண்ணி பேர் மாத்தறதக் குடுங்க, எது மாறுதுன்னு பாருங்க. முதல் ஊரு மாறினா ஸாஃப்ட்வேர திருப்பி அனுப்புங்க. அப்புறம் ட்ரீக்குக் கீழ காலி எடத்துல ரைட் கிளிக் பண்ணுங்க, அங்க டெலிட் வரவே கூடாது, புதுசா சேர்க்கறது மட்டும் வந்தா சரி. ஷிஃப்ட்டோட எஃப் 10 அழுத்தினாலும் மெனு வரணும், அப்போ மவுஸ் எங்க கெடந்தாலும் செலக்ட் ஆன பேரு பக்கத்துலதான் வரணும், சில ஸாஃப்ட்வேர்ல ஸ்க்ரீன் மூலையில போய் ஒக்காந்துக்கும். டெலிட் குடுத்ததும் வர்ற பெட்டியில வெறும் "நிச்சயமா?"ன்னு கேக்காம "ஆம்பூரையும் அதுக்குள்ள இருக்கற எல்லா பார்ட்டியையும் நீக்கவா?"ன்னு பேரச் சொல்லிக் கேக்கச் சொல்லுங்க, அதுக்குத் தனியா காசு கேட்டா குடுக்காதீங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர், காட்பாடி